கப்பித்தானுக்கு ஒரு கை வெள்ளை

என் மனைவி சிவமலருக்கும் எனக்கும் கல்யாணமான நாள் முதல் ஒரு வழக்கு நடக்கிறது. வழக்கின் பொருள் ஒரு கல்தூண். அது சாமி என்பது அவளுடைய கட்சி; அது வெறும் சேர்வேக் குறி என்பது என்னுடைய கட்சி. இருபத்தெட்டு வருடமாகத் தீர்ப்பு வரவில்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

தூண் நிற்பது சிவமலரின் ஊரில், பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடற்கரை மணலில். இரண்டு ஆள் உயரம் இருக்கும். இருநூறு வருடத்துக்கு முன்னர், இங்கிலீசுக்காரன் இலங்கையைப் பிடித்த புதிதில், கரையை அளக்கவென்று கப்பலில் வந்த ஒரு கப்டன் அதைக் கட்டினான். கடலில் நின்று கோணம் எடுக்க அவனுக்குக் கரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தேவைப்பட்டது. வேலை முடிந்ததும் போய்விட்டான். மீன்பிடிக்கப் போனவர்களுக்கு வீடு திரும்ப அந்தப் புள்ளி வசதியாக இருந்தது. யாரோ ஒருவர் அதன் காலடியில் விளக்கு வைத்தார். இன்னொருவர் தேங்காய் உடைத்தார். அதற்குப் பிறகு எங்கள் சனத்தை யார் நிற்பாட்டுவது? தூணுக்குக் 'கப்பித்தான்' என்று பெயர் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் விளக்கு எரிந்தது. வருடத்துக்கு ஒரு நாள் சுருட்டும் அரைப் போத்தல் சாராயமும் படைத்தார்கள்.

கப்பித்தானுக்கு நேர்த்திக்கடன் என்றால் ஒன்றே ஒன்றுதான். வெள்ளை அடிக்க வேண்டும். கடலில் அகப்பட்டுப் பிழைத்து வந்தவர்கள் சுண்ணாம்பு கரைத்துத் தங்கள் கையாலேயே தூணுக்கு அடிக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது. நேர்த்தி வைத்த குடும்பத்தில் வள்ளத்தில் இருந்த எல்லாரும், கைக்குழந்தையானாலும், ஆளுக்கு ஒரு கையாவது அடித்தால்தான் அது தீரும்.

நானோ அரசாங்கத்தில் சேர்வேயராக இருந்தவன். சேர்வேக் குறிக்குச் சாராயம் படைக்கிற சனத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன வரும்? சாராயம் மட்டும்தான் அந்தச் சடங்கில் எனக்கு உடன்பாடான பகுதி.

இப்போது லண்டனில் ஒரு கவுன்சிலின் வீதிப் பகுதியில் வேலை செய்கிறேன். வீதியில் விழுந்த குழி நாலு சென்றிமீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி மஞ்சள் பெயின்றால் வட்டம் போடுவேன். தாண்டாவிட்டால் முறைப்பாடு செய்தவருக்குக் கடிதம் போடுவேன். செவன் கிங்ஸில் வீடு. ஒரே மகள் ரமா பார்மசிஸ்ட். வாழ்க்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்காக நான் குறை சொல்லாமல் இருப்பதும் இல்லை.

2008ஆம் ஆண்டு சித்திரையில் ரமாவுக்குக் கல்யாணம் முற்றாகியது. மாப்பிள்ளை ரதீசன் வெம்பிளிப் பொடியன், தங்கமான பிள்ளை, என் பகிடிகளுக்கெல்லாம் சிரிப்பான். ஆவணியில் நாள் வைத்தோம். மண்டபம் பதிந்து, மேளத்துக்குச் சொல்லி, ஐயரையும் பிடித்தாயிற்று. ஒரு ஞாயிறு காலை என் புட்டுக்குச் சம்பல் போட்டபடி சிவமலர் சொன்னாள்:

"நான் கன்னிக்கால் ஊன்ற விடமாட்டன்."

கன்னிக்கால் ஊன்றுவதுதான் எங்கள் கல்யாணத்துக்குத் தொடக்கம். பெண் வீட்டு வளவில் ஒரு தடியை நட்டுப் பூசை செய்யாமல் மற்ற எந்த வேலையும் நகராது. நான் புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"ஏனப்பா? மாப்பிள்ளை பகுதி ஏதும் சொன்னவையோ?"

"அவை என்ன சொல்லுறது? கப்பித்தானுக்கு வைச்ச நேர்த்தி அப்பிடியே கிடக்கு. எந்தப் பிள்ளைக்காக வைச்சனோ அந்தப் பிள்ளைக்கு நேர்த்தி தீராமல் தாலி ஏறக்கூடாது. எனக்குப் பயமா இருக்கு."

இதற்கு நான் சிரிக்கவில்லை. அந்த நேர்த்தி வைக்கப்பட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

1985 ஆவணியில், ரமாவுக்கு ஒரு வயது. இந்தியாவுக்குப் போகவென்று வள்ளம் ஏறினோம். எங்கள் மூன்று பேரோடு இன்னும் ஒன்பது பேர். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. இரண்டு நாள் வள்ளம் தன்பாட்டுக்கு மிதந்தது. எந்தப் பக்கம் கரை என்று ஓட்டிக்கே தெரியவில்லை. தண்ணீர் முடிந்தது. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது; அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. சிவமலர் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "கப்பித்தான், கரையைக் காட்டு, எங்கடை கையாலை உனக்கு வெள்ளை அடிக்கிறம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். விடிந்தபோது தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஆண்கள் எல்லாரும் பலகைகளால் வலித்து அதை நோக்கிப் போனோம். கரையில் ஆமி ரோந்து இருந்ததால் இறங்கிய கையோடு ஓட வேண்டியிருந்தது. சுண்ணாம்பு கரைக்க எங்கே நேரம்? பத்தாம் நாள் வேறொரு வள்ளத்தில் இந்தியா போய், அங்கிருந்து லண்டன் வந்து சேர்ந்தோம். பிறகு அந்தக் கரை முழுவதும் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. இப்போது சண்டையால் ஊருக்குப் போகும் பாதையும் பூட்டு.

"போன கிழமை சின்னண்ணை போனிலை சொன்னவர்," என்றாள் சிவமலர். "கப்பித்தான் இப்ப கடற்படை முகாமுக்கை நிக்கிறாராம்."

"அப்ப நல்லதாப் போச்சு. முகாமிலை கண்ணிலை பட்ட கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிப்பாங்கள். உம்மடை கப்பித்தான் பளபளவெண்டு நிப்பார்."

"அவங்கள் அடிச்சால் அவங்கடை நேர்த்தி தீரும். என்ரை நேர்த்தி எப்பிடித் தீரும்?"

இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகள் கல்யாணத்தை ஒரு கல்லுக்காக நிற்பாட்டுவதா? "அது சாமியுமில்லை பூதமுமில்லை! ஜோசையா பெட்லோ எண்ட வெள்ளைக்காரன் கட்டின குறி. அரசாங்கப் பட்டியலிலை 'பெட்லோவின் குறி' எண்டுதான் இருந்தது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நான் வீட்டில் உச்சரித்ததில்லை. உச்சரிக்காமல் இருந்ததற்கு ஒரு வெட்கக்கேடான காரணம் இருந்தது. நல்லகாலம், அந்தக் காரணத்தை யாரும் விசாரிக்கவில்லை. மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரமா கம்பியூட்டர் இருந்த அறைக்குப் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா, உங்கடை கப்டன் பெட்லோ டெப்ட்போர்டிலை இருக்கிறார்."

"ஆர்?"

"செத்தது 1831. அங்கை ஒரு சேர்ச்சிலைதான் தாட்டிருக்கினம். டனலிலை ட்ராபிக் இல்லாட்டி நாப்பது நிமிஷம்."

சிவமலர் சம்பல் கோப்பையை மேசையில் வைத்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் கூடத் தெரிந்தது.

"இஞ்சை பாருங்கோவன். இவ்வளவு வருசம் ஒரே ஊரிலை இருந்துகொண்டு நாங்கள் அவரை ஒருக்கா எட்டிப் பார்க்கேல்லை. என்ன நினைச்சிருப்பார்?"

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். ஆற்றுக்குப் பக்கத்தில், மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சின்னத் தேவாலயம். பின்பக்கத்துக் கல்லறைகளுக்கு நடுவில், வெலிங்டன் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா காஞ்சோண்டிச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். பெயர் மிஸஸ் ஹாலோவே. முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர், இப்போது தேவாலயத்தின் பராமரிப்புப் பொறுப்பு அவரிடம். கப்டன் பெட்லோவைத் தேடி வந்திருக்கிறோம் என்றதும் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். எட்டு வருடத்தில் கப்டனைத் தேடி ஒரே ஒருவர்தான் வந்தாராம். அவரும் வேறொரு பெட்லோவைத் தேடி வந்தவராம்.

கல்லறை ஒரு பெரிய கற்பெட்டி. இடுப்பளவு உயரம். புகையும் மழையும் பட்டுக் கறுத்துப்போய், விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. எழுத்துகளில் பாதி இல்லை. சிவமலர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் கையை வைத்தாள். பிறகு மிஸஸ் ஹாலோவேயிடம் திரும்பி, தன் இங்கிலீசில் நேராகக் கேட்டாள், இவருக்கு நான் வெள்ளை அடிக்கலாமா என்று.

மிஸஸ் ஹாலோவே முதலில் சிரித்தார். இவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். நான் குறுக்கே விழுந்து தூணின் கதையைச் சொன்னேன். கப்பித்தான், விளக்கு, சுருட்டு, சுண்ணாம்பு, வள்ளம் எல்லாவற்றையும் அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். கேட்டு முடித்து, பெரிய வருத்தத்தோடு, முடியாது என்றார். கல்லறை பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. பாசியைச் சுரண்டுவதற்கே மேலிடத்துக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தால் ஆறு மாதம் ஆகும். வெள்ளை பெயின்ற் என்று எழுதினால் குழுவில் இரண்டு பேர் மயங்கி விழுவார்கள்.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஒரு கவுன்சில்காரனுக்கு 'அனுமதி இல்லை' என்ற சொல்லைவிட இனிமையான சொல் கிடையாது. திரும்பி வரும்போது சமாதானமும் பேசிப் பார்த்தேன்.

"ஒரு டின் வெள்ளைப் பெயின்ற் வாங்கித் தாறன். வீட்டுத் தோட்டத்திலை ஒரு கல்லை வைச்சு, அவர் பேரைச் சொல்லி அடியும். அவருக்கு விளங்கும்."

"பெயின்ற் அடிக்கிறதுக்கு அவர் என்ன பாத்ரூம் சுவரோ?" என்றாள் சிவமலர். "சுண்ணாம்புதான் அடிக்கிறது."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மனைவி பேசாமல் இருந்தால் கணவன் வென்றுவிட்டான் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இந்த வயதிலாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் கல்யாணச் சாமான்கள் சேர்ந்துகொண்டிருந்தன. சேலைப் பெட்டிகளுக்கு அருகில் வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பு டப்பிகளும் சேர்ந்தன. ஈஸ்ட்ஹாம், இல்போர்ட், வெம்பிளி, டூட்டிங் என்று எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் நாலு டப்பி, ஐந்து டப்பி வாங்கி வந்தாள். வெற்றிலைத் தட்டத்துக்கு என்று நினைத்தேன். கடைசியில் எண்பத்து மூன்று டப்பி. முன்னூறு விருந்தினருக்கு இது எதற்கு என்று கணக்குப் பார்த்துப் பிழைக்கிற எனக்குத் தோன்றவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு பாடசாலைக்கு முன்னால் குழியொன்றை அளந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மிஸ்டர் வாமதேவன், உங்கள் மனைவி இங்கே இருக்கிறார்," என்றார் மிஸஸ் ஹாலோவே. "அவர் கப்டனுக்கு வெள்ளை அடித்துவிட்டார்."

"முழுவதுமா?" என்று கேட்டேன். எதற்காக அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"முக்கால்வாசி."

டெப்ட்போர்ட் போய்ச் சேரும் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொலிஸ் வந்திருக்குமா? வழக்குப் போடுவார்களா? மணப்பெண்ணின் தாய் ஆவணியில் மணவறையில் நிற்பாளா, கோர்ட்டில் நிற்பாளா? கவுன்சில் ஊழியனின் மனைவி பழைய கல்லறையைப் பாழாக்கினாள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டால் என் வேலை என்ன ஆகும்? சிவமலரைத் திட்டுவதற்கு நல்ல நல்ல வசனங்களாக யோசித்து வைத்தேன். டனலைத் தாண்டுவதற்குள் ஒரு புத்தகத்துக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது.

பொலிஸ் வரவில்லை. தேவாலயத்தின் பின்பக்கத்தில் வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலில் கப்பித்தான் வெள்ளைவெளேரென்று இருந்தார். மேற்குப் பக்கம் மட்டும் பழைய கறுப்பு. காலடியில் ஒரு குத்துவிளக்கு, ஒரு சுருட்டு, ஒரு அரைப் போத்தல் சாராயம். சாராயம் என்னுடையது, அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தது. பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து சிவமலர் சேலையைத் தூக்கிச் செருகியபடி, முழங்கை வரைக்கும் சுண்ணாம்போடு, மிஸஸ் ஹாலோவேயின் பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கோப்பையை வைத்தாள்.

"ரமாதான் விடியக் கொண்டுவந்து விட்டவள். தன்ரை பங்குக்கு ஒரு கை அடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டாள். கோவிக்காதையுங்கோ."

நான் யோசித்து வைத்த வசனங்களை விட்டுவிட்டுக் கல்லறையைப் பார்க்கப் போனேன். கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் முழங்காலில் நின்று பூச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவாலயக் கோபுரத்தில் கல்வேலை செய்கிறவர். மிஸஸ் ஹாலோவே பொலிஸைக் கூப்பிடாமல் முதலில் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அவர் எழுந்து சிவமலரிடம் வந்தார்.

"இது பெயின்ற் இல்லையே. என்ன இது?"

சிவமலர் பையிலிருந்து ஒரு டப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து, மணந்து, விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"நீற்றின சுண்ணாம்பு. சுத்தமான சரக்கு. வேறு என்ன கலந்தீர்கள்?"

"அரிசிக் கஞ்சி."

அவர் என்னைப் பார்த்தார், மிஸஸ் ஹாலோவேயைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இந்தக் கல் ஒவ்வொரு மாரிக்கும் உதிர்கிறது, சுண்ணாம்பு பூசினால்தான் நிற்கும் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை, இந்த அம்மா வந்து ஒரு காலையில் செய்துவிட்டார் என்றார். பெயின்றாக இருந்தால் கல் மூச்சு முட்டி இரண்டு வருடத்தில் செத்திருக்கும் என்றும் சொன்னார்.

"இவர்தான் பெயின்ற் வாங்கித் தாறன் எண்டவர்," என்றாள் சிவமலர். நல்லவேளை, அதைத் தமிழில் சொன்னாள்.

மிஸஸ் ஹாலோவேக்கு இன்னும் அனுமதியைப் பற்றிய கவலை தீரவில்லை. அன்றைக்கு நான் பயன்பட்ட ஒரே இடம் அதுதான். வேலையை முதலிலும் கடிதத்தைப் பிறகும் செய்ய நேர்ந்தால் எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'அவசரப் பாதுகாப்பு வேலை' என்று பெயர். கல்வேலைக்காரரின் அபிப்பிராயத்தையும் சேர்த்து எழுதினால் எந்தக் குழுவும் தலையாட்டும் என்று சொன்னேன். மிஸஸ் ஹாலோவே ஒரு துண்டுக் கடதாசியில் அந்தச் சொற்களை ஆசையோடு எழுதிக்கொண்டார். பிறகு தன் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"நீங்கள் போன பிறகு எனக்கு நித்திரை வரவில்லை," என்றார். "கப்டனின் குறிப்புப் புத்தகம் ஒரு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. போய்த் தேடினேன். உங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற குரலில் வாசித்தார்:

"1809, மாசி. கிராமத்துக்குக் கிழக்கே மணலில் ஒரு தூண் கட்டி வெள்ளை அடித்தேன். மூன்று மைலுக்கு அப்பாலிருந்து நன்றாகத் தெரிகிறது. கிராமத் தலைவனிடம் ஒரு பீப்பாய் சுண்ணாம்பை விட்டு, மழைக்குப் பிறகு மறுபடி அடிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அடிப்பான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எனக்குப் பின்னால் இந்தக் கரைக்கு வரும் மாலுமிகள் இந்தக் குறியை நம்ப வேண்டாம்."

நான் சிவமலருக்கு அதைத் தமிழில் சொன்னேன். 'நம்ப வேண்டாம்' என்ற இடத்தில் அவள் கல்லறையைத் திரும்பிப் பார்த்து, பிள்ளையைக் கடிந்துகொள்வது போல நாக்கால் 'ச்சு' கொட்டினாள்.

மிஸஸ் ஹாலோவே தாளை மடித்துவிட்டு என்னிடம் கேட்டார். "நீங்கள் சேர்வேயர் அல்லவா? சொல்லுங்கள், அந்த வெள்ளை எவ்வளவு காலம் நின்றது?"

சாதாரணமான கேள்வி. ஆனால் நான் வாங்கில் போய் இருந்துகொண்டேன். இருபத்தெட்டு வருடமாக நான் வாயில் எடுக்காத விஷயம் அதுதான். முதலில் அவருக்கு இங்கிலீசில் சொன்னேன். பிறகு சிவமலருக்குத் தமிழில் சொன்னேன். தமிழில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

1978இல் கரையோரத்தில் இருந்த பழைய குறிகளின் பட்டியலைத் தந்து, எது பயன்படும், எது பயன்படாது என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்கள். இருபத்தாறு வயது. எல்லாம் தெரியும் என்ற திமிர். பெட்லோவின் குறியடியில் எரிந்த விளக்கையும் தேங்காய்ச் சிரட்டையையும் சுருட்டுச் சாம்பலையும் பார்த்தேன். தூண் எப்படி நிற்கிறது, கடலிலிருந்து தெரிகிறதா என்று ஒரு வள்ளம் பிடித்துப் போய்ப் பார்க்கவேண்டியது என் கடமை. நான் போகவில்லை. கரையில் நின்றபடியே எழுதினேன்: 'வழிபாட்டிடமாகிவிட்டது. குறியாகப் பயன் இல்லை. பட்டியலிலிருந்து நீக்கலாம்.' நீக்கினார்கள். அன்றைக்குத் தண்ணீர் விடாய்த்து, கிட்ட இருந்த ஒரு வீட்டுப் படலையில் போய் நின்றேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள் சிவமலர். தூணைப் பற்றி எழுதியதை மறைக்க, றோட்டு அளக்க வந்தேன் என்று அவள் தகப்பனிடம் பொய் சொன்னேன். அடுத்த வருடம் அவளைக் கட்டினேன். அந்த அறிக்கைக்கு ஏழு வருடம் கழித்து, பயன் இல்லை என்று நான் எழுதிய அந்தக் குறி என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்தது. எனக்கு வெட்கம் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் திமிரில் வழக்காடினேன்; அதற்குப் பிறகு அந்த வெட்கத்தை மூடத்தான் இவ்வளவு காலமும், அது சாமியில்லை, வெறும் கல், கரையைக் கண்டுபிடித்தது ஓட்டிதான் என்று வழக்காடினேன்.

சிவமலர் அழுவாளோ என்று பயந்தேன்.

"நீங்கள் பட்டியலிலை வெட்டினால் என்ன?" என்றாள். "ஊர் வெட்டேல்லையே."

அவ்வளவுதான். கோபமும் இல்லை, வென்றுவிட்ட பெருமையும் இல்லை. பிறகு வாயை மூடிக் கொடுப்புக்குள் சிரித்தாள்.

"நீங்கள் தண்ணி குடிச்சிட்டுப் போன கையோடை அப்பா கேட்டவர், றோட்டு அளக்க வந்த பொடியன் ஏன் கடற்கரையிலை நிண்டு கொப்பியிலை எழுதினவன் எண்டு. எங்களுக்கு அப்பவே தெரியும், நீங்கள் ஏதோ கள்ளவேலை செய்யிறியள் எண்டு. என்னைப் பார்க்கத்தான் வந்தியளோ எண்டு நான் நினைச்சன்."

"அப்பிடியே நினைச்சுக் கொண்டிரும்," என்றேன்.

அவள் எழுந்து, வாளிக்குள் கிடந்த பிரஷ்ஷை எடுத்து என் கையில் தந்தாள். "மேற்குப் பக்கம் உங்களுக்கெண்டு விட்டது. ஒரு கை அடிச்சால் போதும், நேர்த்தி தீர்ந்திடும், கன்னிக்கால் ஊன்றலாம். சாராயம் பிறகு."

கவுன்சில் தந்த மஞ்சள் சட்டையோடு நான் முழங்காலில் இருந்தேன். சப்பாத்தைக் கழற்றும்படி அவள் சொன்னாள்; கழற்றினேன். ஒரு கை அடித்தேன். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது வெள்ளையாகத் தெரியாது; காயக் காயத்தான் வெளுக்கும். அது வெளுக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிறுத்த மனம் வரவில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழாக, பிறகு இடமிருந்து வலமாக, இரண்டு பூச்சு அடித்தேன். முதுகு நொந்தது. அப்படியொரு நிம்மதியை நான் வேலை செய்து அடைந்து வெகுகாலம். சிவமலர் பக்கத்தில் நின்று, விட்டுப்போன இடங்களை விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். கல்வேலைக்காரர் ஒரு சொட்டுச் சாராயத்தை ருசி பார்த்துவிட்டு, கப்டனைப் பற்றி மரியாதையாக இரண்டு வார்த்தை சொன்னார்.

புறப்படும்போது மிஸஸ் ஹாலோவே தேவாலயத்து வாசலில் இருந்த பார்வையாளர் புத்தகத்தைத் திறந்து வைத்தார். முன்னால் எழுதியவர்கள் 'அழகான தேவாலயம்', 'அமைதியான இடம்' என்று எழுதியிருந்தார்கள். வழி தவறி வந்த ஒருவர், திரும்பிப் போகிற பஸ்ஸின் நம்பரை எழுதியிருந்தார். நான் பேனாவைத் திறந்து, சிவமலர் தோளோடு நின்று பார்க்க, முப்பது வருடத்துக்கு முன்னர் எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்:

'பெட்லோவின் குறி. நேரில் பார்த்தது: 1985 ஆவணி, விடியற்காலை, கடலில் மூன்று மைலுக்கு அப்பாலிருந்து. நிறம்: வெள்ளை. நிலை: மிக நன்று. வள்ளத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் அதை நம்பினோம். பன்னிரண்டு பேரும் கரை சேர்ந்தோம். 1978இல் இக்குறி பற்றிக் கொடுக்கப்பட்ட அறிக்கை பிழையானது. அதை எழுதியவன் நானே. க. வாமதேவன், சேர்வேயர்.'